மூடி போட்ட கேமராவும் சபீர் நானாவின் அடையாள அட்டையும்

கேமராவில் ஐ.எஸ்.ஓ. எண்ணை எவ்வளவில் வைக்க வேண்டும் என்று தொடங்கிய வாக்குவாதத்தில் நானும் நண்பர் சுந்தரும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த சமயத்தில்தான் கம்பெனி என்னை இலங்கைக்கு அனுப்பியது. கல்பிட்டிப் பக்கம் ஓர் இறால் பண்ணைக்கு நாங்கள் விற்ற பம்பு, தண்ணீர் இறைப்பதை விட்டுவிட்டு இருமிக்கொண்டிருக்கிறதாம். "சண்டை நடக்கிற ஊருக்கா போறீங்க?" என்றாள் மனைவி. சண்டை வடக்கே, நான் போவது மேற்குக் கரை என்று வரைபடத்தை விரித்துக் காட்டினேன். இரண்டுக்கும் நடுவே அவள் விரலை வைத்துப் பார்த்தாள். அரை விரல் அகலம்கூட இல்லை.

எங்கள் வாக்குவாதம் புரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூட்டினால் மங்கலானதும் பளிச்சென்று தெரியும். கூடவே படம் முழுக்க ரவையைக் கொட்டியதுபோல் புள்ளிகள் வரும். வானத்தின் வாயு மேகங்களையும் நட்சத்திரக் கூட்டங்களையும் எடுக்கும்போது நான் 400-க்கு மேல் போகமாட்டேன். சுந்தர் 1600 கட்சி. கோயமுத்தூரில் என் பக்கம்தான் நியாயம். ஊர் விளக்குகளின் புண்ணியத்தில் அங்கே 1600 வைத்தால் அரை நிமிடத்தில் வானம் பால்காப்பி ஆகிவிடும். சுந்தர் அதை ஒப்புக்கொள்ளாததுதான் எனக்குக் கோபம்.

பம்பின் உதிரிப் பாகங்களோடு கேமராவையும் என் கீல்பலகையையும் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். கீல்பலகை நானே செய்தது. இரண்டு பலகை, நடுவில் கதவுக் கீல், ஒரு நீளத் திருகு. கீலை வடதுருவ நட்சத்திரத்தைப் பார்க்க வைத்து, திருகை நிமிடத்துக்கு ஒரு சுற்றுக் கையால் சுற்றினால், மேல்பலகையில் இருக்கும் கேமரா நட்சத்திரங்களோடு சேர்ந்து நகரும். படத்தில் நட்சத்திரம் கோடாக இழுபடாது. செலவு குறைவு, பார்க்கத்தான் சகிக்காது.

அந்தப் பலகை முதல் நாளே என்னை மாட்டிவிடப் பார்த்தது. கொழும்பில் இருந்து புத்தளம் போகும் பஸ்ஸை ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். என் பெட்டியைத் திறந்த இளம் சிப்பாய் பலகையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குச் சிங்களம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, நட்சத்திரத்தை விரலால் காட்டலாமென்றால் உச்சி வெயில். பஸ் கண்டக்டர் குறுக்கே புகுந்து ஏதோ சொன்னார். சிப்பாய் சிரித்துவிட்டுப் பலகையைத் திருப்பித் தந்தார். என்ன சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். "தேங்காய் திருவுற பலகை எண்டு சொன்னேன். பல்லு எங்கே எண்டு கேட்டார். இந்தியாவில பல்லைக் கழட்டித் தனியாத்தான் வைப்பாங்க எண்டேன்" என்றார் கண்டக்டர். நம் ஊர்க் கண்டக்டர்கள் சில்லறை தரவே யோசிப்பார்கள். இவர் பொய்யையே தாராளமாகத் தந்தார்.

புத்தளம் டவுனில் பஸ் மறுபடி நின்றது. இந்தமுறை சோதனை இல்லை, கழுதைகள். நடுரோட்டில் ஒரு கூட்டமே நின்று எதையோ யோசித்துக்கொண்டிருந்தது. டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை, எஞ்சினை அணைத்துவிட்டு வெற்றிலை போட்டார். கோவையில் மாடு மறித்தால் டிரைவர் மாட்டின் பரம்பரையையே இழுப்பார். இங்கே கழுதைக்கு அவ்வளவு மரியாதை.

என்னைக் கூட்டிப்போகச் சபீர் நானா வந்திருந்தார். இறால் பண்ணையின் மேற்பார்வையாளர், ஐம்பதை நெருங்கும் வயது, ஒல்லியான உருவம். பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் கேட்கும். ஊர்ப் பழக்கத்தில் "வணக்கம் பாய்" என்றேன். "இங்க நானா எண்டுதான் சொல்ற, தம்பி" என்று திருத்திவிட்டு என் பெட்டியைப் பறித்துக்கொண்டார். நானா என்றால் அண்ணன். சாமான் லாரியின் முன் இருக்கையில் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு ஆலங்குடாவில் இருந்த அவர் வீட்டுக்குப் போனோம். தங்கும் விடுதி தேடலாம் என்று நான் சொன்னது அவர் காதில் விழவே இல்லை, அல்லது விழாததுபோல இருந்தார்.

வீட்டில் வேறு யாரும் இல்லை. மனைவி ஜெசீமா குவைத்தில் வீட்டுவேலை செய்யப் போய் நாலு வருடம் ஆகிறதாம். "வாற கிழமை முதல் எனக்குச் சமைக்கிற வேலை இல்லை" என்றார் சபீர் நானா. கிழமை என்றால் அங்கே வாரம். முகமெல்லாம் சிரிப்பு. கணக்குப் பார்த்தால், ஜெசீமா விமானத்தில் வந்து இறங்குகிற அதே காலையில்தான் நான் ஊருக்குத் திரும்புகிறேன். "நல்லதாப் போச்சு, ஒரே வேன்ல போவம். ஒங்கள ஏத்தி அனுப்பிட்டு அவவ இறக்கிக் கூட்டிட்டு வாறேன்" என்றார்.

மனைவி வரும் நாளுக்கென்று அவர் வட்டிலப்பம் செய்யப் பழகிக்கொண்டிருந்தார். தேங்காய்ப்பால், முட்டை, கருப்பட்டி சேர்த்து ஆவியில் வேகவைக்கும் பண்டம். சோதனை எலி நான். முதல் நாள் அது பாயசம் போல ஓடியது. மறுநாள் கரண்டி உள்ளே போகவில்லை. ஆனால் அவருடைய பருப்பும், இடிசம்பல் என்கிற தேங்காய்த் துவையலும், பாண் என்கிற ரொட்டியும் அமிர்தம். இட்லி இல்லாமல் என் வயிறு இரண்டு நாள் மகிழ்ச்சியாக இருந்தது அதுவே முதல் தடவை. பண்ணைக்காரர் ஆயிற்றே, இறால் கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். "பகல் முழுக்க அதுகள்ட மூஞ்சியத்தான் பாக்கிறேன், ராவைக்கும் வேணுமா?" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அலுமாரியின் மேல் ஒரு டேப் ரெக்கார்டரும் கேசட்டுகளும் இருந்தன. போன் காசு கட்டுப்படியாகாத முதல் வருடத்தில், பேசிப் பதிந்து குவைத்துக்கு ஆள் வசம் கொடுத்து அனுப்புவாராம். "ஒரு கேசட் முழுக்கக் கதைச்சு அனுப்பினேன் தம்பி. நீங்க கதைச்ச எதுவும் விளங்கல்ல, 'உஸ்'ஸெண்டு கடல் சத்தம்தான் கேக்குது எண்டு சொல்லி அனுப்பிட்டா." அவர் குரலுக்கு அது நடக்காமல் இருந்தால்தான் அதிசயம். அங்கே சத்தத்தைக் கூட்டக் கூட்ட, குரலோடு கேசட்டின் இரைச்சலும் சேர்ந்து கூடியிருக்கும்.

பம்பின் இருமலுக்குக் காரணம் இரண்டாம் நாள் மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. உறிஞ்சுகுழாயின் வாயில் யாரோ பழைய கொசுவலையைக் கட்டியிருந்தார்கள். அவிழ்த்துவிட்டேன், இருமல் நின்றது. இதற்காகவா கடல் தாண்டி வந்தேன் என்று வெட்கமாகக்கூட இருந்தது. இருட்டிய பிறகு கை கழுவக் கிணற்றடிக்குப் போனவன் தலையைத் தூக்கினேன், அப்படியே நின்றுவிட்டேன். வானம் என்றால் அதுதான் வானம். நான் இருபது வருடமாகக் கோவையில் பார்த்துக்கொண்டிருப்பது அதன் அழுக்குத் துணி. தெற்கே, தென்னைமர உயரத்தில், கரினா நெபுலா வெறும் கண்ணுக்கே ஒரு சுண்ணாம்புத் தீற்றல்போலத் தெரிந்தது. செந்நிற வாயு மேகம், எங்கள் ஊரில் அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நகைக்கடை விளம்பரப் பலகைதான் இருக்கிறது.

மறுநாள் அமாவாசை. கடற்கரையில் இருந்து படம் எடுக்க வேண்டும் என்றேன். சபீர் நானா தாடியைச் சொறிந்தார். இருட்டிய பிறகு கடற்கரைக்குப் போக நேவிக் காவலரணில் கேட்க வேண்டும், அதுவும் கேமராவோடு, அதுவும் வெளிநாட்டுக்காரர். வேண்டாம் விடுங்கள் என்று நான் சொன்னது உண்மை. என் முகம் அதைச் சொல்லவில்லை போலிருக்கிறது. அந்தி மங்கியதும் மஃரிப் தொழுதுவிட்டு வந்தவர், "வாங்க, கேட்டுப் பாப்பம்" என்றார்.

காவலரணில் பொறுப்பாக இருந்தவர் பெயர் விமலசிறி. தொப்பையும் மீசையுமாக நம் ஊர்த் தலைமைக் காவலர் ஒருவரை உரித்து வைத்ததுபோல இருந்தார். அவரும் சபீர் நானாவும் சிங்களத்தில் நெடுநேரம் பேசினார்கள். கடைசியில் சபீர் நானா சட்டைப்பையில் இருந்து தன் அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தார். விமலசிறி அதைத் தன் பையில் போட்டுக்கொண்டு கையை அசைத்தார், போகலாம்.

"எதுக்கு நானா கார்டு?"

"ஐசிய ஈடு வெச்சாத்தான் விடுவாங்க, இங்க எல்லாத்துக்கும் அதுதான். ஒம்பது மணிக்கு அவருக்கு டூட்டி முடியிது. அதுக்குள்ள படத்தைக் காட்டோணும். நட்சத்திரப் படம்தான் எண்டு கண்டா ஐசிய அவர் கையால தருவார்."

"இல்லாவிட்டால்?"

"பெரிய கேம்புக்குப் போவும். பொறகு எடுக்கிறதுக்குக் கிழமைக்கணக்காகும்." அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் மனதுக்குள் நாளை எண்ணினேன். மறுநாள் ராத்திரி நாங்கள் விமான நிலையம் போக வேண்டும். வழிநெடுகச் சோதனைச் சாவடி. அந்த அட்டை இல்லாமல் தமிழ் பேசும் ஒருவர் புத்தளத்தைக்கூடத் தாண்ட முடியாது. நாலு வருடம் கழித்து வரும் ஜெசீமா பெட்டியும் கையுமாகத் தனியே நிற்பார். திரும்பிப் போய்விடுவோம் என்றேன். "வெச்சது வெச்சாச்சி. நீங்க வேலையைப் பாருங்க" என்றார்.

மணலில் முக்காலியை நட்டு, கீலை வடக்கே திருப்பினேன். துருவ நட்சத்திரம் கடல் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, எண்ணெய் தீர்ந்த விளக்காக மினுக்கிக்கொண்டிருந்தது. கேமராவைத் தெற்கே கரினாவுக்குத் திருப்பி, வழக்கம்போல 400 வைத்து, நிமிடத்துக்கு ஒரு படமாக எடுக்க ஆரம்பித்தேன். நாலைந்து எடுப்பதற்குள் தெற்கே ஒரு மேகம் வந்து மறைத்துக்கொண்டது.

மேகம் விலகும்வரை சும்மா இருப்பானேன் என்று இருட்டுப் படங்களை எடுக்கத் தொடங்கினேன். எங்கள் தொழிலில் இது கட்டாயம். லென்ஸின் மூடியை மாட்டிவிட்டு, அதே ஐ.எஸ்.ஓ., அதே நேரம் வைத்து, ஒன்றுமில்லாத கறுப்பைப் படம் எடுப்போம். சூட்டில் கேமரா தானாக உண்டாக்கும் புள்ளிகள் அதில் பதியும். வீட்டுக்குப் போய் நிஜப் படத்தில் இருந்து அவற்றைக் கழித்துவிடலாம். சித்திரை மாதப் புழுக்கத்தில் அந்தக் கேமராவுக்கு அது ரொம்பவே தேவைப்பட்டது. நான் குந்தி உட்கார்ந்து, மூடி போட்ட கேமராவில் மும்முரமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது பின்னால் டார்ச் அடித்தது. விமலசிறி.

அவர் முதலில் பார்த்தது மூடியை. பிறகு என்னை. பிறகு மறுபடி மூடியை. சபீர் நானாவிடம் ஏதோ கேட்டார். சபீர் நானா என்னைப் பார்த்தார். "மூடியத் தொறக்க மறந்திட்டீங்களா எண்டு கேக்கிறார்."

"மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் மூடியிருக்கிறேன்."

இதை மொழிபெயர்க்கச் சபீர் நானாவுக்குக் கொஞ்சம் தைரியம் தேவைப்பட்டது. விமலசிறி கேமராவைக் கையில் வாங்கிக் கடைசிப் படத்தைப் பார்த்தார், கறுப்பு. அதற்கு முந்தியது, கறுப்பு. அதற்கும் முந்தியது, சுத்தமான கறுப்பு. இருட்டைப் படம் எடுக்கிறேன் என்று விளக்கினேன். "இருட்டைப் படம் எடுக்க இந்தியாவில் இருந்து வந்தீரா? உங்கள் ஊரில் இருட்டு இல்லையா?" என்று கேட்டார்.

"சத்தியமாக இல்லை" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன், அவர் நம்பவில்லை. இன்னும் தள்ளிப் பார்த்தபோது மூடி இல்லாமல் எடுத்த படங்கள் வந்தன. 400-ல் எடுத்தவை. அந்தச் சின்னத் திரையில் அவையும் கிட்டத்தட்டக் கறுப்புத்தான், ஊசி குத்தியதுபோல நாலு புள்ளி. விமலசிறியின் மீசை இறங்கிவிட்டது. பலகை வடக்கே பார்க்கிறது, கேமரா தெற்கே பார்க்கிறது, படத்தில் ஒன்றுமே இல்லை, இவர் எதைத்தான் பார்க்கிறார் என்று கேட்டார். தன் சட்டைப்பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். அட்டை அதில்தான் இருந்தது.

படத்தில் எல்லாம் இருக்கிறது, வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான் என்று விளக்க ஆரம்பித்தேன். "இப்போது மெதுவான குரலில் பதிந்துவைக்கிறேன் ஐயா. ஊருக்குப் போய்க் கம்ப்யூட்டரில் போட்டுச் சத்தத்தைக் கூட்டிக்கொள்வேன். அப்போது எல்லாம் கேட்கும்..."

வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. அலுமாரியின் மேல் இருந்த கேசட் நினைவுக்கு வந்துவிட்டது. மெதுவாகப் பதிந்துவிட்டுப் பிறகு சத்தத்தைக் கூட்டினால் கேட்பது இரைச்சல்தான் என்று நேற்றுத்தானே சிரித்தேன்? கேமராவுக்கும் சொந்தமாக ஓர் இரைச்சல் உண்டு. கோவையில் ஊர் வெளிச்சமே கூச்சல் போடுவதால் அது காதில் விழுவதில்லை, அங்கே 400 போதும். இங்கே வானம் கிசுகிசுக்கிறது. பதியும்போதே தூக்கிப் பதியாவிட்டால் அந்தக் கிசுகிசுப்பு இரைச்சலில் முங்கிப் போகும். சுந்தர் சொன்னது இந்த வானத்துக்கு. நான் சொன்னது என் ஊருக்கு. இதைக் கண்டுபிடிக்க நேவிக்காரர் ஒருவர் டார்ச் அடிக்க வேண்டியிருந்தது.

"ஒரு நிமிடம். ஒரே ஒரு படம்" என்றேன். மூடியைக் கழற்றினேன், எண்ணை 1600-க்கு ஏற்றினேன். எடுத்த இருட்டுப் படங்களெல்லாம் இனி உதவாது, போகட்டும். மேகத்தின் ஓரம் கிழிந்து கரினா வெளியே வந்திருந்தது, அடுத்த மேகம் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. வாழ்க்கையில் எத்தனையோ படம் எடுத்திருக்கிறேன், இன்னொருவரின் மனைவி வீடு வந்து சேரும் வழி என் கையில் இருந்தது அன்றைக்குத்தான். சபீர் நானா வாய்க்குள் ஏதோ ஓதினார். விமலசிறி கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சிங்களத்தில் எண்ண ஆரம்பித்துவிட்டார். அறுபது வந்ததும் நானே எதிர்பாராதபடி "ஹரி!" என்று கத்தினார், சிங்களத்தில் சரி என்று அர்த்தமாம்.

திரையில் படம் வந்தது. ரவை கொட்டிய கறுப்பின் நடுவே, கசக்கிய ரோஜாபோல ஒரு செந்நிற மேகம். சுற்றிலும் எண்ண முடியாத நட்சத்திரங்கள். விமலசிறி டார்ச்சை அணைத்துவிட்டுத் திரைக்கு மேல் குனிந்தார்.

"இது எங்கே இருக்கிறது?" என்று விமலசிறி கேட்டார். தெற்கே காட்டினேன். கண்ணை இடுக்கிப் பார்த்தார். காவலரணில் இருந்த இளம் கடற்படை வீரரைக் கூவி அழைத்துக் காட்டினார். பிறகு சபீர் நானாவிடம் ஏதோ சொன்னார், அவர் சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னார். "இவர் தெக்கே மாத்தறைப் பக்கமாம். அது எங்கட ஊருக்கு மேலதானே இரிக்கி, இவ்வளவு நாளும் ஒருத்தரும் சொல்லல்லியே எண்டு சொல்றார்." விமலசிறி அட்டையை எடுத்தார், சட்டையில் ஒருமுறை துடைத்தார், இரண்டு கையாலும் சபீர் நானாவிடம் கொடுத்தார். வாங்கியவர் அதைப் பையில் போட்டு, இருக்கிறதா என்று இரண்டு முறை தொட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இத்தனை நேரமும் அவரும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். நாங்கள் பலகையைக் கழற்றும்போது அடுத்த மேகம் தெற்கை முழுதாக மூடிவிட்டது. இத்தனை தூரம் வந்ததற்குத் தேறியது அந்த ஒரு படம்தான். எனக்கு அது போதும் என்று இருந்தது.

மறுநாள் ராத்திரி வேனில் ஏறும்போது சபீர் நானாவின் மடியில் ஒரு தூக்குச்சட்டி. மூன்றாம் வட்டிலப்பம். ஒவ்வொரு சாவடியிலும் அட்டையை ஒரு கையில் நீட்டுவார், சட்டியை மறு கையில் தூக்கிப் பிடிப்பார். சிப்பாய்கள் மூடியைத் திறந்து பார்ப்பார்கள். அட்டை என் கையைவிட்டுப் போவதுபோல ஒவ்வொரு முறையும் எனக்குப் பக்கென்றது. அவர் அட்டையைவிடச் சட்டிக்குத்தான் அதிகம் பயந்தார்.

விடியும் முன்பே ஜெசீமா வந்துவிட்டார். கறுப்பு அபாயா, கயிறு கட்டிய பெரிய அட்டைப்பெட்டி, அதைவிடப் பெரிய சிரிப்பு. என் விமானத்துக்கு இன்னும் நேரம் இருந்ததால், கொஞ்ச தூரம் தள்ளி ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தோம். ஒற்றை டியூப்லைட், அதுவும் உயிரை விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. சபீர் நானா என்னை அறிமுகப்படுத்தி, கடற்கரைக் கதையை அவருடைய கிசுகிசுக் குரலில் சொன்னார். கேமராவில் படத்தையும் காட்டச் சொன்னார். ஜெசீமா படத்தை ஒரு தடவை பார்த்தார், கணவரை இரண்டு தடவை பார்த்தார்.

"இதுக்கா ஐசியக் குடுத்தீங்க? அது போயிருந்தா என்னைய யாரு வந்து கூட்டிட்டுப் போற?"

"போவல்லியே. வந்திட்டேனே."

"வந்திட்டாராம்! பாருங்க தம்பி, எலும்பும் தோலுமா..." என்று ஆரம்பித்தவர், சட்டியைத் திறந்து ஒரு வாய் வட்டிலப்பம் எடுத்துப் போட்டதும் நிறுத்திவிட்டார். கண் நிறைந்துவிட்டது. "ஆரு செஞ்ச?" என்றார். சபீர் நானா தலையைக் குனிந்துகொண்டு, "ராவுக்கு ராவு இந்தத் தம்பிக்குக் குடுத்துப் பழகின" என்றார். ஜெசீமா சிரித்த சிரிப்பில் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அப்படியே கேமராவைத் தூக்கி அழுத்திவிட்டேன்.

எடுத்த பிறகுதான் கவனித்தேன். எண் 1600-லேயே இருந்தது, கடற்கரையில் ஏற்றியதை நான் இறக்கவே இல்லை. 400-ஆக இருந்திருந்தால் அந்த வெளிச்சத்தில் இரண்டு நிழல்கள்தான் குழம்பித் தெரிந்திருக்கும். படம் முழுக்கப் புள்ளிதான். ஆனால் ஜெசீமா சிரிப்பதும், சபீர் நானா கரண்டியோடு அவரையே பார்த்துக்கொண்டிருப்பதும் அசையாமல் விழுந்திருந்தன. புள்ளி கொஞ்சம் அதிகம் ராத்தா, மன்னிக்க வேண்டும் என்று அக்கா முறை வைத்துச் சொல்லி, கேமராவை அவர் கையில் கொடுத்தேன்.

ஜெசீமா அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "அந்தக் கேசட் மாதிரி இல்ல தம்பி" என்றார். "இப்ப மனிசன் என்ன சொல்ல வாறார் எண்டு நல்லா விளங்குது." சபீர் நானா எழுந்துபோய் எல்லோருக்கும் இன்னொரு தேத்தண்ணி சொன்னார்.